கலக்கக் கலக்கப் பிரியும்

இரண்டு பொடிகளைத் தொட்டியில் போட்டுச் சுற்றினால் கலந்துவிடும் என்பது பொது நம்பிக்கை. மாத்திரைத் தொழிற்சாலைகளின் அனுபவம் வேறு.

தைராய்டு சுரப்பி மந்தமானவர்கள் காலையில் காபிக்கு முன் வெறும் வயிற்றில் விழுங்குகிற குட்டி மாத்திரையை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் எடை 100 மில்லிகிராம் என்று வைத்துக்கொண்டால், குறைந்த வீரியம் உள்ள மாத்திரையில் தைராக்ஸின் இருப்பது 25 மைக்ரோகிராம்தான். நாலாயிரத்தில் ஒரு பங்கு. மீதி 3,999 பங்கும் லாக்டோஸ், ஸ்டார்ச், செல்லுலோஸ் மாதிரியான நிரப்பிகள். நோயைப் பொறுத்தவரை வெறும் மாவு.

இதே கணக்கைத் தொழிற்சாலைக்குள் கொண்டுபோனால் தலை சுற்றும். 300 கிலோ மாவுக்கு 75 கிராம் மருந்து. ஏறக்குறைய ஒரு காபி டம்ளரில் அடங்கிவிடுகிற பொடி, ஆறு மூட்டை அரிசியின் எடையுள்ள மாவுக்குள் போக வேண்டும். போய், அதிலிருந்து பிறக்கப்போகும் 30 லட்சம் மாத்திரைகளுக்கும் சமமாகப் பங்கிடப்பட வேண்டும். ஒரு மாத்திரையில் 40 மைக்ரோகிராமும் அடுத்ததில் 10 மைக்ரோகிராமும் இருந்தாலும் சராசரி 25தான். ஆனால் சராசரியை யாரும் விழுங்குவதில்லை. தைராக்ஸின் மாதிரியே, இதய நோய்க்குத் தரப்படும் டிஜாக்ஸின் மாத்திரையிலும் மருந்து கால் மில்லிகிராம் அல்லது அதில் பாதி. இரண்டிலுமே குணப்படுத்தும் அளவுக்கும் கெடுதல் செய்யும் அளவுக்கும் நடுவில் உள்ள இடைவெளி சிறியது. தைராக்ஸின் மாத்திரையில் மருந்தின் அளவு 95 முதல் 105 சதவீதத்துக்குள் இருந்தாக வேண்டும் என்று 2007இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் கயிற்றை இறுக்கியது இதனால்தான்.

ஹைதராபாத், அகமதாபாத், கோவா, சிக்கிம், இமாசலப் பிரதேசத்தின் பத்தி நகரம் என்று நாட்டில் மாத்திரை தயாராகும் இடங்கள் பல. எங்கே போனாலும் ஒரு காட்சி பொதுவானது. கண்ணாடி ஜன்னலுக்கு அப்பால் பளபளக்கும் எஃகுத் தொட்டி ஒன்று நிதானமாகக் குட்டிக்கரணம் போட்டுக்கொண்டிருக்கும். ஆங்கில 'வி' எழுத்து வடிவத்தில் ஒன்று, இரண்டு கூம்புகளை வாய்க்கு வாய் ஒட்டவைத்தது போல் ஒன்று, எட்டுப் பட்டை வடிவத்தில் இன்னொன்று. ஊழியர்கள் இவற்றை 'பிளெண்டர்' என்று பொதுப்பெயரில் அழைக்கிறார்கள். சுழற்சி வேகம் நிமிடத்துக்குப் பத்து, இருபது சுற்றுகளைத் தாண்டுவது அபூர்வம். எத்தனை நிமிடம் ஓட்டுவது என்பது முன்கூட்டியே எழுதப்பட்டிருக்கும். பத்து நிமிடம் என்றால் பத்தே நிமிடம்தான். இன்னும் பத்து நிமிடம் ஓட்டினால் மேலும் நன்றாகக் கலக்காதா என்று வெளியாள் கேட்கக்கூடும். வில்லங்கம் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

பாலில் டிகாஷனை ஊற்றி ஓர் ஆற்று ஆற்றினால் போதும். திரவத்தின் மூலக்கூறுகள் வெப்பத்தினால் ஓயாமல் அலைந்துகொண்டிருப்பவை. நாம் தொடங்கிவைத்த வேலையை அவையே முடித்துவிடுகின்றன. கலந்த பிறகு டிகாஷன் ஒரு பக்கமும் பால் ஒரு பக்கமும் ஒதுங்குவதில்லை. பொடியின் கதை வேறு. மூலக்கூறோடு ஒப்பிட்டால் ஒரு மணல் துகள் பூதாகாரமானது. அறையின் வெப்பம் அதை அசைக்கப் போதாது. யாராவது உருட்டினால் உருளும், விட்டால் நின்றுவிடும். உருட்டும்போதும் எல்லாத் துகளும் ஒரே மாதிரி உருள்வதில்லை. சிறியது சந்தில் நுழைகிறது. பெரியது மேலே மிதக்கிறது. உருண்டையானது ஓடுகிறது, சொரசொரப்பானது தங்குகிறது. இதை அறிய ஆய்வுக்கூடம் தேவையில்லை. மிக்சர் பொட்டலம் போதும். கடைசியில் மிஞ்சுவது எப்போதும் ஓமப்பொடித் தூளும் காரமும்தான்.

நம் பாட்டிமார்கள் இந்தக் குணத்தை நோயாகப் பார்க்கவில்லை, கருவியாக்கினார்கள். முறத்தில் அரிசியைப் போட்டு ஒரு விதமாகத் தட்டினால் உமி முன்னால் பறக்கிறது. இன்னொரு விதமாக அசைத்தால் நொய் ஒரு பக்கம், முழு அரிசி ஒரு பக்கம். புடைத்தல், கொழித்தல், தெள்ளுதல், நாவுதல் என்று தமிழில் இதற்கு இத்தனை வினைச்சொற்கள் இருப்பது சும்மா இல்லை. ஒவ்வொன்றும் மணிக்கட்டின் ஒவ்வொரு விதமான அசைவு. குலுக்கினால் பிரியும் என்ற அந்த உண்மைதான், குலுக்கிக் கலக்க முயலும் தொழிற்சாலையின் தலைவலி.

சுழலும் உருளைக்குள் என்ன நடக்கிறது? பாதிக்குச் சற்றுக் குறைவாக நிரப்பிய உருளையைப் படுக்கவைத்து மெதுவாகச் சுற்றினால், உள்ளே இருக்கும் பொடியில் பெரும் பகுதி அசைவதே இல்லை. சுவரோடு ஒட்டி, கட்டியான ஒரே பொருள் போல மேலே ஏறுகிறது. உச்சியை அடைந்ததும் மேற்பரப்பில் உள்ள மெல்லிய அடுக்கு மட்டும் சரிந்து ஓடுகிறது. மலைச்சரிவில் மண் சரிவது போன்ற காட்சி அது. கலப்பது முழுவதும் அந்த அடுக்கில்தான். அது சில துகள்களின் உயரமே இருக்கும். பிரிவதும் அங்கேயேதான்! ஓடும் அடுக்கில் சிறிய துகள்கள் இடுக்குகள் வழியே கீழே இறங்கி, சீக்கிரமே நின்று, நடுப்பகுதியில் தங்கிவிடுகின்றன. பெரியவை சரிவின் அடிவரை ஓடிச் சுவரை அடைகின்றன. உருளையைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால், பெரிய துகள்களுக்கு நடுவே சிறிய துகள்கள் தேங்காய்க்குள் பருப்பு போல உட்கார்ந்திருக்கும். இதற்கு நூறு சுற்று தேவையில்லை. நாலைந்து சுற்றுப் போதும்.

உருளையைப் பாதிக்கு மேல் நிரப்பினால் வேறொரு வேடிக்கை. நடுவில் உள்ள ஒரு பகுதி சரியும் அடுக்குக்குள் வருவதே இல்லை. சுற்றிச் சுற்றி, போட்டது போட்டபடியே கிடக்கும். தொட்டியை நிரப்பி ஓட்டி நேரம் மிச்சம் பிடிக்க நினைக்கும் மேலாளர்களுக்கு எச்சரிக்கையாக இந்தப் படத்தைச் சுவரில் மாட்டிவைக்கலாம். வேகத்தைக் கூட்டுவதும் வழியல்ல. ஓரளவுக்கு மேல் போனால் பொடி சுவரோடு அப்பிக்கொண்டு சேர்ந்து சுற்றும்.

இவற்றைவிட வினோதமானதை 1939இல் ஜப்பானில் ஓயாமா என்ற விஞ்ஞானி பதிவுசெய்தார். இரண்டு அளவிலான துகள்களை நீண்ட உருளையில் இட்டுத் தொடர்ந்து சுற்றினால், அவை உருளையின் நீளவாட்டில் பட்டை பட்டையாகப் பிரிந்துகொள்கின்றன. ஒரு பட்டை பெரியது, ஒரு பட்டை சிறியது, மறுபடி பெரியது. வரிக்குதிரை மாதிரி. கலந்த நிலையில் தொடங்கினாலும் முடிவு பட்டைதான். ஜப்பானிய மொழியில் வெளியான அந்த ஆய்வை உலகம் பெரிதாகக் கண்டுகொள்ளப் பல பத்தாண்டுகள் ஆயின. 1990களில் இயற்பியலாளர்கள் இந்தத் துறைக்குள் கும்பலாக நுழைந்தபோது ஓயாமாவின் பெயர் மறுபடி வெளியே வந்தது.

அவர்களுக்கு இருந்த பெரிய தடை, பொடி ஒளி ஊடுருவாதது என்பதுதான். கண்ணாடி உருளையில் ஓரம் தெரியும், உள்ளே தெரியாது. மூளையைப் படம் பிடிக்கும் எம்.ஆர்.ஐ. கருவிக்குள் சுழலும் உருளையை வைத்துப் பார்த்தது அமெரிக்காவில் 1993இல் நடந்த ஒரு சோதனை. உருளைக்குள் போட்ட பொருள் கடுகு! மணலோ கண்ணாடி மணியோ எம்.ஆர்.ஐ.யில் தெரியாது. கடுகில் எண்ணெய் இருப்பதால் அது தெரிகிறது. சரியும் அடுக்கின் தடிமன், அதில் துகள்களின் வேகம் எல்லாம் முதன்முதலாக உள்ளிருந்தே அளக்கப்பட்டன. சில ஆண்டுகளில் இதே முறை இன்னொன்றையும் காட்டியது. வெளியே பட்டைகள் தெரியாதபோதும் சில சமயம் உள்ளே அவை மறைந்திருக்கின்றன. மேலே பார்த்து 'கலந்துவிட்டது' என்று சொல்வது எவ்வளவு ஆபத்து என்பதற்கு இதைவிடச் சாட்சி தேவையில்லை.

நியூ ஜெர்சியின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் பெர்னாண்டோ முஸ்ஸியோவின் குழு எடுத்த வழி சமையலறையை நினைவுபடுத்துவது. கலக்கும் தொட்டியை நிறுத்தி, பொடிக்குள் ஜெலட்டின் கரைசலை இறங்கவிட்டு, உறைந்ததும் ரொட்டி மாதிரி துண்டு துண்டாக வெட்டி, ஒவ்வொரு துண்டையும் படம் எடுத்தார்கள். மருந்துத் தொழிலுக்கு மிகவும் பிடித்த 'வி' வடிவத் தொட்டியின் பலவீனம் அதில் அம்பலமானது. ஒவ்வொரு கைக்குள்ளும் பொடி சீக்கிரமே கலக்கிறது. ஆனால் இடது கையிலிருந்து வலது கைக்கும், அங்கிருந்து இங்குமாகத் துகள்கள் நடுக்கோட்டைக் கடப்பது மிக மந்தம். எனவே மருந்தை ஒரு கையில் மட்டும் கொட்டினால் எத்தனையோ சுற்றுக்குப் பிறகும் அந்தக் கையில்தான் அது அதிகம் இருக்கும். இரண்டு கைகளிலும் பரப்பிக் கொட்டினால் வேலை எளிது. எப்படிச் சுற்றுவது என்பதைவிட எப்படிக் கொட்டுவது என்பது முக்கியமாகிவிடுகிறது. பல தொழிற்சாலைகளில் மருந்தை முதலில் கொஞ்சம் நிரப்பியோடு கலந்து, அதே அளவு நிரப்பியை மறுபடி சேர்த்து, இப்படி இரட்டிப்பாக்கிக்கொண்டே போகிற பழைய கம்பவுண்டர் முறை இன்னும் உயிரோடு இருப்பதற்கு இதுதான் காரணம்.

இந்த ஆராய்ச்சியில் இந்தியர்களின் பங்கு சாதாரணமானதல்ல. 2009 முதல் 2019 வரை மும்பை ஐ.ஐ.டி.யின் இயக்குனராக இருந்த தேவங் காக்கர் இத்துறையில் உலகம் அறிந்த பெயர். அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹூலியோ ஒட்டினோவுடன் சேர்ந்து, துகள்கள் கலப்பதையும் பிரிவதையும் பற்றி அவர் 2000இல் எழுதிய ஆய்வுத் தொகுப்பு, துறைக்குள் நுழையும் மாணவர்கள் முதலில் புரட்டும் கட்டுரைகளில் ஒன்று. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் கேசவ ராவும் பிரபு நாட்டும் துகள்களின் ஓட்டம் பற்றி எழுதிய பாடநூலை 2008இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் வெளியிட்டது. இத்தனைக்குப் பிறகும், தண்ணீரின் ஓட்டத்துக்கு இருப்பது போல, துகள்களின் ஓட்டத்தை முழுக்க விளக்கும் ஒரே சமன்பாடு கையில் இல்லை. விடை தெரியாத 125 பெரிய கேள்விகள் என்று 'சயன்ஸ்' இதழ் 2005இல் வெளியிட்ட பட்டியலில் இதுவும் இடம்பெற்றது.

சமன்பாடு வரும்வரை மாத்திரை காத்திருக்காது. தொழிற்சாலை தன் வழியைத் தானே பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. அதற்கு முதலில் ஒரு கசப்பான கணக்கை ஏற்றுக்கொள்ள வேண்டும். துகள்கள் பிரியவே இல்லை, கடவுளே இறங்கி வந்து கலந்துவிட்டார் என்று வைத்துக்கொண்டாலும் எல்லா மாத்திரையிலும் ஒரே அளவு மருந்து இருக்காது. சீட்டுக்கட்டை எவ்வளவு கலைத்தாலும் ஒவ்வொருவர் கையிலும் சரியாக ஒரே எண்ணிக்கையில் ராஜா வருவதில்லை அல்லவா? அதே கதைதான். மருந்துத் துகளின் விட்டம் 100 மைக்ரான் என்றால், 25 மைக்ரோகிராம் என்பது வெறும் முப்பது துகள் அளவுதான் வரும். முப்பதின் வர்க்கமூலம் ஐந்தரை. அதாவது ஒரு மாத்திரையில் 24, இன்னொன்றில் 36 என்று இருப்பது சர்வசாதாரணம். பதினெட்டு சதவீதம் கூடுதல், குறைவு. எந்தத் தரப் பரிசோதனையிலும் தேறாது. அதே மருந்தை 10 மைக்ரானுக்கு அரைத்தால் துகள்களின் எண்ணிக்கை ஆயிரம் மடங்காகி முப்பதாயிரத்தைத் தொடும். வேறுபாடு ஒரு சதவீதத்துக்கும் கீழே போய்விடும். கலக்கும் இயந்திரத்தைவிட அரைக்கும் இயந்திரம் அதிகம் சாதிக்கும் இடம் இது.

அப்படியானால் நைஸாக அரைத்துவிட வேண்டியதுதானே? அரைக்கலாம். ஆனால் மிக மெல்லிய பொடிக்கு இன்னொரு கெட்ட பழக்கம் உண்டு. துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டி கட்டியாகத் திரண்டுகொள்ளும். மழைக்காலத்துக் கடலை மாவு மாதிரி. சுழலும் தொட்டிக்குக் கட்டியை உடைக்கும் வலிமை இல்லை. ஒரு கட்டி அப்படியே ஒரு மாத்திரைக்குள் போனால் அதில் மருந்து இரட்டிப்பு, மும்மடங்கு. எனவே சலிக்க வேண்டும், தேய்க்க வேண்டும், சில சமயம் உள்ளே கத்தி சுழலும் தொட்டிகளில் போட்டு வெட்ட வேண்டும். சித்த வைத்தியர்கள் கல்வத்தில் மருந்தைச் சாமக்கணக்கில் அரைப்பதும், வஸ்திரகாயம் என்று துணியில் சலிப்பதும் இதே சங்கடத்துக்கு அவர்கள் கண்ட விடை என்று சொல்லலாம்.

ஒட்டும் குணத்தையே உபயோகப்படுத்திக்கொள்ளும் வழியும் இருக்கிறது. மெல்லிய மருந்துப் பொடியைச் சற்றுப் பெரிய லாக்டோஸ் துகள்களோடு கலந்தால், அது அவற்றின் மேல் திருநீறு பூசியது போல் அப்பிக்கொள்கிறது. பிறகு லாக்டோஸ் போகும் இடமெல்லாம் மருந்தும் போகும், தனியே பிரிந்து ஓடாது. இந்த வகைக் கலவையை 1975இல் ஜான் ஹெர்சி விவரித்தார். ஆஸ்துமாக்காரர்கள் வாயில் வைத்து உறிஞ்சும் பொடிக் குப்பிகளில் இருப்பது பெரும்பாலும் இதுதான். உறிஞ்சும் வேகத்தில் மருந்து லாக்டோஸிலிருந்து உதிர்ந்து நுரையீரலுக்குப் போக, லாக்டோஸ் தொண்டையிலேயே நின்றுவிடுகிறது.

அளவுக்கு மிஞ்சிக் கலப்பதால் வரும் கேடு வேறு விதம். மாத்திரை அச்சில் ஒட்டாமல் இருக்க, கடைசியில் மக்னீசியம் ஸ்டியரேட் என்ற வழுவழுப்பான பொடியை ஒரு சதவீதமோ அதற்கும் குறைவாகவோ சேர்ப்பார்கள். அதற்குச் சில நிமிடங்கள்தான் அனுமதி. கூடுதலாகச் சுற்றினால் அது ஒவ்வொரு குருணையின் மேலும் மெழுகு மாதிரி படர்ந்துவிடும். மாத்திரை கெட்டியாக இறுகாது. இறுகினாலும் வயிற்றில் போய்ச் சீக்கிரம் கரையாது. மருந்து சரியான அளவில் உள்ளே இருக்கும், வெளியே வராது.

கலந்துவிட்டதா என்று பார்ப்பது எப்படி? இந்தக் கேள்வியை ஒழுங்காகக் கேட்டவர் பீட்டர் டாங்க்வெர்ட்ஸ் என்ற ஆங்கிலேயர். லண்டன் மீது ஜெர்மானிய விமானங்கள் பாராசூட்டில் இறக்கிய கண்ணிகளைச் செயலிழக்கச் செய்ததற்காக 1940இல் ஜார்ஜ் கிராஸ் விருது பெற்ற தைரியசாலி, பின்னாளில் கேம்பிரிட்ஜில் ரசாயனப் பொறியியல் பேராசிரியர். கலவை நன்றாக இருக்கிறதா என்பது எவ்வளவு எடுத்துப் பார்க்கிறோம் என்பதைப் பொறுத்தது என்றார் 1950களின் தொடக்கத்தில். ஒரு கிலோ எடுத்துச் சோதித்தால் எல்லாம் சரியாகத் தெரியும். 100 மில்லிகிராம் எடுத்தால் குட்டு வெளிப்படும். விழுங்கப்போவது 100 மில்லிகிராம் என்றால் பார்க்க வேண்டியதும் அந்த அளவுதான்.

இந்தத் தத்துவம் கோர்ட் ஏறியது 1993இல். பார் லேபரட்டரீஸ் என்ற மருந்து நிறுவனத்துக்கு எதிராக அமெரிக்க அரசு தொடுத்த வழக்கில், நியூ ஜெர்சியின் மத்திய நீதிபதி ஆல்ஃபிரட் வோலின் தீர்ப்பளித்தார். கலவையைச் சோதிக்க எடுக்கும் மாதிரி ஒரு வேளை மருந்தின் எடையை ஒட்டி இருக்க வேண்டும், போனால் போகிறது என்று அதைப் போல் மூன்று மடங்கு வரை போகலாம் என்பது அதில் ஓர் அம்சம். நீதிபதியின் கையெழுத்தில் வந்த அந்த 'மூன்று மடங்கு', உலகெங்கும் மருந்து ஆலைகளின் சட்டமாகிப்போனது. அமெரிக்காவுக்கு ஏற்றுமதி செய்யும் இந்திய ஆலைகளும் அதற்குத் தப்பவில்லை.

எழுத்தில் நியாயமான இந்த விதி நடைமுறையில் முரண்டுபிடித்தது. தொட்டிக்குள் இருந்து மாதிரி எடுக்கப் பயன்படுவது ஒரு நீண்ட குழாய். தொழிலில் அதற்குப் பெயர் 'தீஃப்', அதாவது திருடன்! அதைப் பொடிக்குள் குத்தும்போது மேல் அடுக்கை இழுத்துக்கொண்டே கீழே போகிறது. அதன் வாய்க்குள் சுலபமாக ஓடிவரும் துகள் அதிகமாக விழுகிறது, ஓடாதது வெளியே நிற்கிறது. எடுப்பது சின்னஞ்சிறு அளவு என்பதால் இந்தத் தவறு பூதாகாரமாகிறது. நல்ல கலவையும் கெட்டதாகத் தெரியும். எதிர்மாறாகவும் நடக்கும். நின்றுகிடக்கும் பொடியிலிருந்து மாதிரி எடுக்காதே, ஓடும்போது எடு என்பது இத்துறையின் பால பாடம். கடைசியில், தொட்டிக்குள் துழாவுவதைவிட அச்சிலிருந்து விழும் மாத்திரைகளையே ஆரம்பம், நடு, முடிவு என்று பல கட்டங்களில் எடுத்துச் சோதிக்கலாம் என்ற யோசனையை 2003இல் அமெரிக்க நிர்வாகம் வரைவாக வெளியிட்டது. பத்தாண்டு கழித்து 2013இல் அந்த வரைவையும் திரும்பப் பெற்றுக்கொண்டது. எத்தனை மாதிரி எடுத்தால் போதும் என்ற சர்ச்சை அதோடு ஓயவில்லை.

மாத்திரையைச் சோதிப்பதில் ஒரு நியாயம் உண்டு. ஏனெனில் தொட்டியில் நன்றாகக் கலந்தது, வெளியே வரும்போது பிரியக்கூடும். தொட்டியின் வாயைத் திறந்து கீழே உள்ள டிரம்மில் கொட்டினால் அது குவியலாக விழுகிறது. குவியலின் சரிவில் பெரியவை ஓரத்துக்கு உருள, சிறியவை நடுவில் நிற்கின்றன. மெல்லிய தூள் காற்றில் எழும்பிக் கடைசியில் மேலே படிகிறது. அடுத்தது மாத்திரை இயந்திரத்தின் தலையில் உள்ள கூம்பு. அதன் சுவர் போதிய சாய்வாகவும் வழுவழுப்பாகவும் இல்லாவிட்டால் நடுவில் உள்ள பொடி மட்டும் கிணறு போல் இறங்கும். ஓரத்தில் உள்ளது இறுதியில்தான் வரும். அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் ஆண்ட்ரூ ஜெனிக்கி இதற்கான கணக்கை 1964இலேயே எழுதிவைத்துவிட்டார். இருந்தும், பேட்ச்சின் கடைசியில் விழும் மாத்திரைகளைத் தரக்கட்டுப்பாட்டுக்காரர்கள் சந்தேகத்தோடுதான் பார்க்கிறார்கள். மணிக்கு லட்சக்கணக்கில் மாத்திரை துப்பும் இயந்திரத்தின் அதிர்வும் தன் பங்குக்குக் குலுக்கிக்கொண்டே இருக்கிறது.

'இந்தியன் பார்மகோபியா' என்ற நம் அதிகாரபூர்வத் தரநூல், மருந்து குறைவாக உள்ள மாத்திரைகளுக்குத் தனிப் பரிசோதனை வைத்திருக்கிறது. பத்து மாத்திரைகளை ஒவ்வொன்றாகச் சோதிக்க வேண்டும். சராசரியில் 85 முதல் 115 சதவீதத்துக்கு வெளியே ஒன்றுக்கு மேல் போகக் கூடாது. எதுவும் 75, 125 என்ற எல்லைகளைத் தாண்டவே கூடாது. இரண்டோ மூன்றோ தவறினால் இன்னும் இருபது மாத்திரைகள் சோதிக்கப்படும். முப்பது லட்சத்தில் பத்து. பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்ற பழமொழி ஒன்றாகக் கொதித்த சோற்றுக்குத்தான் பொருந்தும். ஒரு மூலையில் வெந்து ஒரு மூலையில் வேகாத பானைக்குப் பொருந்தாது. மத்திய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பு மாதந்தோறும் வெளியிடும் தரமற்ற மருந்துகளின் பட்டியலில் கரையாதது, வீரியம் குறைந்தது ஆகிய குற்றங்களோடு, மருந்து சீராக இல்லாததும் அவ்வப்போது தலைகாட்டுகிறது. 2023 டிசம்பரில் திருத்தி அறிவிக்கப்பட்ட அட்டவணை 'எம்' விதிகள், இறுதிப் பரிசோதனையை நம்புவதைவிடத் தயாரிப்பின் ஒவ்வொரு கட்டத்தையும் கண்காணிக்கச் சொல்வதன் பின்னணி இதுவே.

வசதியுள்ள ஆலைகள் தொட்டியின் மூடியிலேயே அகச்சிவப்புக் கதிர் கருவியைப் பொருத்தி, ஒவ்வொரு சுற்றுக்கும் கலவையைப் பார்க்கின்றன. பெரிய தொட்டியே வேண்டாம், கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்துகொண்டே மாத்திரை போடலாம் என்ற தொடர் உற்பத்தி முறைக்கு அமெரிக்கா 2015இல் முதல் அனுமதி தந்தது. ஒரு நேரத்தில் கையாளும் பொடி சில கிலோதான் என்பதால் பிரிந்து ஓட இடமில்லை. விலைதான் சிறிய ஆலைகளை மிரட்டுகிறது.

மருந்துக்கு வெளியேயும் இந்தச் சிக்கலை நாடு பெரிய அளவில் சந்தித்திருக்கிறது. 2021 சுதந்திர தின உரையில் பிரதமர் அறிவித்த செறிவூட்டிய அரிசித் திட்டம் அது. அரிசி மாவோடு இரும்புச் சத்து, ஃபோலிக் அமிலம், வைட்டமின் பி12 ஆகியவற்றைப் பிசைந்து அரிசி வடிவத்தில் பிழிந்தெடுத்த மணிகளை, சாதாரண அரிசியில் நூற்றுக்கு ஒன்று என்ற விகிதத்தில் ஆலைகளில் கலந்தார்கள். சத்துப் பொடியை நேராக அரிசியில் தூவினால் மூட்டையின் அடிக்குப் போய்விடும் அல்லது கழுநீரோடு போய்விடும். எனவேதான் அரிசியின் அளவும் உருவமும் உள்ள மணி. பள்ளி மதிய உணவில் தொடக்கப்பள்ளிக் குழந்தைக்கு 100 கிராம் அரிசி. அதில் ஏறக்குறைய ஐயாயிரம் மணிகள் என்றால், செறிவூட்டியவை ஐம்பது. நன்றாகக் கலந்தாலும் ஒரு தட்டில் 43, இன்னொன்றில் 57 என்று இருக்கும். இரும்புச் சத்து விஷயத்தில் அந்த வித்தியாசத்தைத் தாங்கிக்கொள்ளலாம், இன்று குறைந்தது நாளை கூடும். ஒரே மூட்டையில் மொத்தமும் போய் உட்கார்ந்தால்தான் ஆபத்து. அது நடக்காமல் இருக்க, அளந்து ஊட்டும் கருவியோடு கூடிய கலப்பு இயந்திரங்களை ஆலைகள் நிறுவ வேண்டியிருந்தது.

இயந்திரம் கலந்ததை வீடுகள் ஏற்றுக்கொண்டனவா என்பது வேறு விஷயம். ரேஷன் அரிசியில் கொஞ்சம் வேறு நிறத்தில் தெரிந்த மணிகளைப் பிளாஸ்டிக் அரிசி என்று மக்கள் பயந்ததாகப் பல மாநிலங்களிலிருந்து செய்திகள் வந்தன. நூற்றுக்கு ஒன்றாக ஆலை கலந்து அனுப்பியதைத் தட்டிலும் முறத்திலும் பரப்பி, ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தூர எறிந்தவர்களும் உண்டு.